அத்தை நம்பரில் ஏறிய மாத்திரை

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாரும் தனக்கென்று ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் டாக்டர் ரூமை எட்டிப் பார்த்து, "சார், ரெண்டு நாளா ஒடம்பு சுடுது" என்போம். அவர் மேசைமேல் கிடக்கும் ஏதாவது ஒரு தாளில் கிறுக்கித் தருவார். அதை மருந்தகத்தில் நீட்டுவோம். கம்ப்யூட்டரில் நம்பர் இல்லாமல் மாத்திரை கொடுக்க முடியாது என்பதால் மருந்தாளுநர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யார் நம்பர்ல போடட்டும் சிஸ்டர்?" அம்மா, மாமியார், வீட்டுக்காரர் என்று யாருடைய நம்பரையாவது சொல்வோம். ஸ்டாஃப் என்றால் அப்படித்தான். சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது நோயாளிகள் வேலை.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. திருத்தணியைச் சுற்றி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு திருவாலங்காடு பக்கம் ஒரு கிராமத்தில், மாமனார் மாமியாரோடு. மாமனாருக்குக் கொஞ்சம் கரும்பு, இரண்டு எருமை. வீட்டுக்காரர் விடியும் முன்பே லோக்கல் ரயிலைப் பிடித்து அம்பத்தூர் போகிறவர். மகன் ஹாஸ்டலில். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பதினைந்து வருடமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம். சண்டை போட்டிருக்கிறோம், சேர்ந்து கோயிலுக்குப் போயிருக்கிறோம். மனதில் இருப்பதை உட்கார்ந்து பேசிக்கொண்டது மட்டும் இல்லை. அவசியம் வரவில்லை.

போன வருடம் ஒரு கிருத்திகை நாளில், நகரி பக்கத்தில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பதினொரு மணி வாக்கில் சுகப்பிரசவம் ஆனது. இரண்டாவது குழந்தை. தமிழையும் தெலுங்கையும் கலந்து பேசினாள். குழந்தையை வெளியே நிற்கும் நைனாவிடம், அவள் அப்பாவிடம், முதலில் காட்டுங்கள் என்றாள். நான் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, குளுருதுக்கா" என்றாள். பிரசவம் ஆனதும் பல பெண்களுக்கு நடுக்கம் வரும். ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தி, "அப்படித்தாம்மா இருக்கும், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்கு எடை பார்த்தேன். திரும்பி வந்து போர்வையைத் தூக்கினால் மெத்தையெல்லாம் ரத்தம். இடையில் மூன்று நிமிடம் போயிருக்கலாம். ஐந்தாகவும் இருக்கலாம்.

அதற்கப்புறம் செய்யவேண்டியதை எல்லாம் செய்தோம். ஊசி, டிரிப், டாக்டர், ஆம்புலன்ஸ். நானே கூட ஏறினேன். சாலை முழுக்க மலைக்குப் போகிற வேன்களும் காவடிகளும். சைரன் அலறிக்கொண்டே வண்டி ஊர்ந்தது. திருவள்ளூருக்குப் பாதி வழியில் அவள் போய்விட்டாள். அவள் போன பிறகும் நான் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்ததாகவும், கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது என்றும் ஆம்புலன்சில் இருந்தவர் பின்னால் சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை.

நான் அழவில்லை. மறுநாள் டியூட்டிக்குப் போனேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை, அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி உள்ளே எல்லாம் மரத்திருந்தது. சாம்பாரில் உப்பில்லை என்று வீட்டில் எல்லோரும் தட்டைத் தள்ளிய ஒருநாள், நான் அதே சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகன் போனில் பேசினால் "உம்" என்பேன். வீட்டுக்காரர் எதையாவது சொல்லிச் சிரித்தால் நானும் வாயைக் கோணலாக்குவேன். தூக்கம் வரவில்லை. வராததைப் பற்றிக் கவலையும் வரவில்லை.

பிரசவத்தில் தாய் இறந்தால் விசாரணை நடக்கும். யாரையும் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் நிமிடக் கணக்கு கேட்பார்கள். போர்வை, எடை, மூன்று நிமிடம் எல்லாவற்றையும் நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். முடிவு வரவேண்டும், அதுவரை வேலையைப் பாருங்கள் என்றார்கள். அந்த முடிவு வருகிறவரை என்மேல் ஒரு தூசி ஒட்டினாலும் போதும், மொத்தப் பழியும் என் தலையில் வந்து விடியும் என்று எனக்குத் தெரியும். பிரசவ வார்டை விட்டால் எனக்கு வேறு வேலையும் தெரியாது.

ஒருநாள் காலையில் ஊசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போட வந்தேன் என்பதே தெரியாமல் கட்டில்களுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். மூத்த சிஸ்டர் வந்து ஊசியை வாங்கிக்கொண்டார். வாசல் பக்கம் கூட்டிப் போய், "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். புதன்கெழம மனசு டாக்டர் வராரு இல்ல, போய்ப் பாரு" என்றார். சரி என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி என்பதுதான் சுலபமாக இருந்தது.

மனநல டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை, வாசலில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் லேப், எக்ஸ்ரே, மருந்தகம், கேன்டீன் நான்கிலிருந்தும் தெரியும். இப்படி இடம் பார்த்துப் போட்டவரை ஒருநாள் அந்தப் பெஞ்சிலேயே உட்காரவைக்க வேண்டும். முன்பு எங்கள் லேப் டெக்னீஷியன் ஒருவர் அங்கே போய்வந்தது அன்று மதியச் சாப்பாட்டுக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அவர் ரத்தம் எடுக்க வார்டுக்கு வந்தால், "ஊசிய ஒழுங்கா குத்துவாரா பாரு" என்று கிசுகிசுத்துச் சிரித்திருக்கிறேன். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை, இப்போது.

ஆகவே பெஞ்சு காலியான பிறகு, ஏதோ ரிஜிஸ்டரைக் கையெழுத்துக்குக் கொண்டுபோகிறவள்போல ஒரு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் நன்றாகக் கேட்டார். நான் சொன்னதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். கடைசியில் சொன்னார்:

"சிஸ்டர், உங்க பேர்லயே ஒரு சீட்டு போட்டுடுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. மனநலச் சட்டத்துல இதுக்குன்னே தனியா எழுதியிருக்கு. நீங்க இங்க வந்தத, நான் கொடுக்கற மருந்த, உங்க சம்மதம் இல்லாம நான் யாருக்கும் சொல்லக்கூடாது. உங்க மேலதிகாரி கேட்டாலும் சொல்லக்கூடாது. யார் உயிருக்காவது ஆபத்து, கோர்ட்டு உத்தரவு, இப்படிச் சிலது தவிர."

"சரிங்க சார்" என்றேன். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது அந்த அறையின் கதவுவரைதான் வரும் என்று எனக்குத் தோன்றியது. கதவுக்கு வெளியே சீட்டு எழுதுகிறவர், டோக்கன் கூப்பிடுகிற ஆயா, மருந்தாளுநர், பெஞ்சைத் துடைக்கிறவர் எல்லோரும் எங்கள் ஆட்கள். எங்கள் ஆட்களைப்பற்றி எனக்குத் தெரியும், நானே அதில் ஒருத்தி. சீட்டு அப்புறம் போடுகிறேன் சார், இப்போதைக்கு மருந்து மட்டும் எழுதுங்கள் என்றேன். அவர் ஒரு வெறும் தாளில் எழுதினார். "அடுத்த வாரம் சீட்டோட வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

மருந்தகத்தில் வழக்கமான கேள்வி வந்தது. "யார் நம்பர்ல போடட்டும் சிஸ்டர்?"

"அத்தை நம்பர்லயே போடுங்க. அவங்களுக்குத்தான். தூக்கம் வரலன்னு பொலம்பறாங்க."

அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை அந்த நம்பரில்தான் மாதாமாதம் வாங்குவேன். மருந்தாளுநர் நல்ல மனிதர். "பாவம், வயசாயிடுச்சி இல்ல" என்று சொல்லி எண்ணிக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

மாத்திரை போட்ட முதல் வாரம் நாக்கு காய்ந்தது, எழுந்தால் தலை சுற்றியது, பகலெல்லாம் கண் சொருகியது. அப்புறம் பழகிவிட்டது. கொஞ்சம் தூக்கம் வந்தது. உள்ளே மரத்தது மரத்தபடிதான் இருந்தது. டாக்டரிடம் சீட்டோடு போகவில்லை, சீட்டில்லாமலும் போகவில்லை. பழைய தாளையே காட்டி இன்னொரு மாதத்துக்கும் அத்தை நம்பரில் வாங்கினேன்.

மூன்றாம் மாதம் மருந்தகத்துக்குப் போனபோது மருந்தாளுநர் முகமெல்லாம் சிரிப்பு. "சிஸ்டர், இனிமே நீங்க அலைய வேணாம். உங்க அத்தைய வீட்டு லிஸ்ட்ல சேத்துட்டேன். சர்க்கரை மாத்திரை, இந்த மாத்திரை ரெண்டுமே ஊட்டுக்கே வந்துரும்." எனக்கு உதவி செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அந்த இடத்திலேயே எதையாவது சொல்லித் தடுத்திருக்க வேண்டும். நான் சரி என்றேன். அது என்ன ஆகும் என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு மருந்து கொண்டுவருகிற பெண் எங்கள் ஊர்தான், அடுத்த தெரு. நல்ல பெண், ஆனால் வாய் ஓயாது. அவள் முதல் தடவை வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். சாயங்காலம் வந்து துணி அலமாரியைத் திறந்தால், என் புடவைக்கு அடியில் இரண்டு அட்டை மாத்திரை இருந்தது. வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. அத்தை அடுப்படியில் வழக்கம்போல இருந்தார். "காபி போடட்டா" என்றார். போடுங்க என்றேன். மூன்று அட்டை வரவேண்டும், இரண்டுதான் இருக்கிறது என்று கவனித்தேன். சப்ளை இல்லை போல என்று நினைத்துக்கொண்டு அலமாரியைச் சாத்தினேன். அத்தையும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, அதைப்பற்றி நாங்கள் பேசப்போவதில்லை என்ற அளவில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த நாட்களில் அத்தை அடிக்கடி தண்ணீர் கேட்டார். சொம்பு சொம்பாகக் குடித்தார். சர்க்கரை ஏறியிருக்கும், வெல்லம் தின்றிருப்பார் என்று நினைத்தேன். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை. நான் டியூட்டியிலிருந்து மதியமே வீடு திரும்பிய ஒருநாள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. "வெயில்" என்றார். வெயில்தான் என்று நானும் விட்டுவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் நாடி பார்க்கிறவள் என்று பெயர் எனக்கு.

பத்தாவது நாள் காலை பத்தரை மணிக்கு மாமனார் போன் செய்தார். எருமைக்குத் தண்ணீர் காட்டப் போன அத்தை எழுந்திருக்கும்போது அப்படியே விழுந்துவிட்டார், நெற்றியில் அடி, கூப்பிட்டால் முழிக்கிறார், மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார் என்றார். ஷேர் ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பிரசவ வார்டில் இருந்து கீழே இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், நடந்துதான் போனேன்.

அவசரப் பிரிவில் இருந்தது வந்து சேர்ந்து சில மாதமே ஆன ஒரு லேடி டாக்டர். என் அத்தை என்றதும் அந்த வார்டு சிஸ்டர், ஆயா, வாட்ச்மேன், மருந்தாளுநர் என்று எல்லோரும் உதவிக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். உதவி என்றால் எங்கள் ஆட்களுக்கு நிகர் கிடையாது. டாக்டர் நாடி பார்த்தார், வேகமாக இருந்தது. பிரஷர் குறைவு. சர்க்கரை பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னா மாத்திரையெல்லாம் சாப்பிடறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மாமனார் சட்டைப் பையிலிருந்து எல்லா அட்டையையும் எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துவர வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சர்க்கரை மாத்திரைகளோடு என் மாத்திரையின் அட்டை ஒன்று. பத்துக் குழியும் காலி. வராத மூன்றாவது அட்டை அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. யார் அதைத் தின்றது என்பதும் புரிந்தது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை.

டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இது எத்தனை நாளா?"

"மூணு மாசமா போடறாங்க மேடம்" என்றார் மருந்தாளுநர். "நான்தான் குடுத்துகினு வரேன். கம்ப்யூட்டர்ல கீது பாருங்க."

அத்தை கண்ணைத் திறக்காமலே, "ஆங், என்னுதுதான்மா. மூணு மாசமா" என்றார்.

"மூணு மாசமா ஒரே அளவுன்னா இதனால இருக்காது" என்றார் டாக்டர். "தலையில அடிபட்டிருக்கு, தூங்கிகிட்டே இருக்காங்க. ஸ்ட்ரோக்கா இருக்கலாம். திருவள்ளூருக்கு அனுப்பிடலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

எனக்குத் தெரியும். நாக்கு காய்வது, நாடி ஓடுவது, எழுந்தால் விழுவது, கண் சொருகுவது எல்லாம் எனக்கு முதல் வாரத்தில் வந்தவை. என் வயதுக்கு எழுதிய அளவை அறுபது தாண்டியவர் திடீரென்று போட்டால் என்ன ஆகும் என்று நர்சிங் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இதயத்தை முதலில் பார்க்கவேண்டும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொன்னால், விசாரணை முடியாத நேரத்தில், அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் நான் மனசு மாத்திரை தின்கிற நர்ஸ். மாத்திரை ஆரம்பித்தது அந்தப் பெண் இறந்த பிறகு என்று யாரும் தேதி பார்க்கப்போவதில்லை. லேப் டெக்னீஷியனுக்கு நான் பார்த்தேனா?

நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாட்ச்மேன் ஆம்புலன்ஸுக்கு நம்பர் அடித்துவிட்டார், மணி போவது எனக்கே கேட்டது. வேண்டுமானால் திருவள்ளூரில் அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்தவள் நான்தான், அதை மறைத்துப் பயனில்லை.

"மேடம்" என்றேன். "அது அவங்க மாத்திரை இல்ல. என்னுது. அவங்க பத்து நாளாதான் சாப்பிட்டிருக்காங்க. ஈ.சி.ஜி. எடுங்க."

மருந்தாளுநர் தரையைப் பார்த்தார். அந்த டாக்டர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் சட்டென்று, "ஈ.சி.ஜி. மெஷின் கொண்டு வாங்க. மத்தவங்க எல்லாரும் வெளிய இருங்க" என்றார். எல்லோரும் போனதும் திரையை இழுத்துவிட்டு, என்ன அளவு, எப்போதிருந்து, யார் எழுதியது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சொன்னேன். ஈ.சி.ஜி.யில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. டிரிப் போட்டு, நாள் முழுக்க மானிட்டரில் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் அத்தை எழுந்து உட்கார்ந்து, இட்லி வேண்டாம், ரசம் சோறு வேண்டும் என்றார்.

கேஸ் ஷீட் எழுதும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், அவங்க தவறா சாப்பிட்டாங்கன்னு நான் எழுதியே ஆகணும். அவங்களோட பழைய பதிவும் தப்பு, அதையும் திருத்தணும். ஆனா உங்க பேர எழுத எனக்கு உரிமை இல்ல." எழுதியதைக் காட்டினார். வேறொருவருடைய மாத்திரையைப் பத்து நாள் உட்கொண்டிருக்கிறார் என்று இருந்தது. வேறொருவர். என் பதினான்கு வருட சர்வீசில் யாரும் என்னைப்பற்றி இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை. அவர் வெளியே போய், அங்கே நின்றிருந்த நான்கு பேரிடமும், இங்கே கேட்டது வெளியே போனால் அது சட்டப்படி குற்றம், நானே புகார் கொடுப்பேன் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்படி ஒரு தண்டனை சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சொன்ன குரலில் அவர்கள் நம்பிவிட்டார்கள்.

வார்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அத்தையிடம் கேட்டேன். "எதுக்கு அத்தை அதப் போய் முழுங்கனீங்க?"

"மாத்திர கொண்டாற பொண்ணு உடலியே" என்றார். "மனசு மாத்திரைய ஒளிச்சு வெச்சிப்பாங்கோ, எதிர்லயே முழுங்க வெக்கணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துகிறாங்களாம். தெனம் காலைல எட்டு மணிக்கு வாசல்ல வந்து நின்னுகினா. என்னுது இல்லன்னா யாருதுன்னு கேப்பா. எங்க ஊட்ல வேற யாரு கீறா? அதான் நீ டூட்டிக்குப் போனப்புறம் தெனம் ஒண்ணு."

"அது இன்னா மாத்திரைன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நீ சாப்புடற மாத்திரை. வெசமா இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா, அந்த எட்டு மணிப் பெண்மேலா என்று தெரியாத கோபம். அத்தனை மாதத்தில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என் கையைத் தட்டி, "சொல்லாம இருந்திருக்கலாம்மா. நான் தாங்கிகினு இருந்திருப்பேன்" என்றார்.

மறு புதன்கிழமை என் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். மாதம் இரண்டு தடவை போகிறேன். விசாரணை முடிவும் வந்தது. ரத்தம் கிடைக்கத் தாமதம், வாகன நெரிசல் என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். என்னைப்பற்றி ஒரு வரியும் இல்லை. மாத்திரையைப்பற்றி யாரும் கேட்கவே இல்லை. அந்த நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிரசவ வார்டிலேயே இருக்கிறேன்.

ஊரில் வேறு கதை. ஆஸ்பத்திரிப் பதிவைத் திருத்தினார்கள், மருந்து கொண்டுவரும் பெண்ணின் லிஸ்ட்டிலும் அந்த மாத்திரை நின்றுபோனது. அவள் அதற்குள் சொல்லவேண்டிய வீட்டில் எல்லாம் சொல்லி முடித்திருந்தாள். அத்தைக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, மாத்திரையில் ஓடுகிறது, எருமைக் கொட்டகையில் விழுந்ததும் அதனால்தான் என்று. பால் ஊற்றும் இடத்தில் பெண்கள் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார்கள். அத்தை மறுக்கவில்லை. நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருநாள் கிளம்பினேன். "என்னிய எந்த ஆபீசரு கூப்ட்டு கேக்கப்போறான்? உனுக்குத்தான் வேலை கீது. கம்முனு உக்காரு" என்றார். நானும் கம்மென்று உட்கார்ந்தேன்.

போன மாதம் பங்காளி வீட்டில் ஒரு வளைகாப்பு. எங்கள் ஊரில் முதல் வளையல் அத்தை கையால்தான் போடுவார்கள். அவர் போட்டால் சுகப்பிரசவம் என்று ஒரு பேச்சு. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை அவர் கண்ணாடி வளையலில் முடித்துவிடுவார் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அத்தை அன்றும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சந்தனம் கரைத்தாகிவிட்டது. வளையல் தட்டை எடுத்துக்கொண்டு வந்த வீட்டுக்காரம்மா, அத்தை கை நீட்டுவதற்குள், "நீ உக்காருக்கா, உனுக்கு ஒடம்பு சரியில்ல. மருமவ போடட்டும், நர்ஸம்மா கை" என்று சொல்லித் தட்டை என் பக்கம் திருப்பினார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அத்தை நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, வேண்டாம், பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். அவசரப் பிரிவில் சொன்ன அதே வாக்கியம்தான்: அது அவங்க மாத்திரை இல்ல, என்னுது. ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்ற ஒரு சட்டமும் ஒரு டாக்டரும் இருந்தார்கள், இங்கே அத்தை மட்டும்தான் இருந்தார்.

நான் தட்டில் இருந்து இரண்டு பச்சை வளையலை எடுத்து, மனையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணின் கையில் போட்டேன்.